கேட்கத் தெரிந்தவள்

அவளுக்கு ஒன்று விளங்கவில்லை என்றால் விளங்கவில்லை என்று சொல்லிவிடுவாள். பல்கலைக்கழகத்துக்கு முந்திய ஏ.எல். வகுப்பில் இரசாயன ஆசிரியர் கரும்பலகை முழுவதும் எழுதி முடித்து, கையில் ஒட்டிய சுண்ணாம்புத் தூளைத் தட்டிக்கொண்டு, "எல்லாருக்கும் வெளங்கிச்சா?" என்று கேட்பார். நாங்கள் இருபது பேர் தலையாட்டுவோம். பின்வரிசையிலிருந்து ஒரு கை மேலே போகும்.

"வெளங்கல சேர்."

"எது வெளங்கல?"

"மொதல் வரியிலருந்தே சேர்."

வகுப்பு சிரிக்கும். நானும் சிரிப்பேன். ஆசிரியர் பெருமூச்சு விட்டு மறுபடி தொடங்குவார். அவர் இரண்டாம் முறை சொல்லும்போதுதான் எனக்கும் விளங்கும். கொப்பியில் பழையதை வெட்டிவிட்டு, பக்கத்தில் இருப்பவளுக்குத் தெரியாமல் புதிதாக எழுதிக்கொள்வேன். பரீட்சையில் எனக்கு அவளைவிடப் பத்துப் பதினைந்து புள்ளிகள் கூட வரும். அவள் கேட்ட கேள்விகளால் வந்த புள்ளிகள் அவை என்று எனக்குத் தெரியும். அவளைப் பிடிக்காமல் போனதற்கு அதுவே போதுமாக இருந்தது.

நாங்கள் இருவரும் ஓப்பநாயக்கவுக்கு மேலே ஒரே தோட்டத்துப் பிள்ளைகள். மேல் கணக்கில், அதாவது மேல் பிரிவில், தேயிலை, கீழே ரப்பர். என் அப்பா ரப்பர் பகுதிக்குக் கணக்கப்பிள்ளை. எங்களுக்கு குவாட்டர்ஸ், முன்னால் ரோசாச்செடி, எனக்கென்று ஒரு மேசை. அவளுடைய அம்மா கொழுந்து எடுப்பவர். தொழிலாளர் லயத்தில் கடைசிக் காம்பராவில், ஒற்றை அறையில், ஐந்து பேராக இருந்தார்கள். அவள் எங்கே வைத்துப் படித்தாள் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

கேட்பதில் அவளுக்கு ஆள் வித்தியாசம் கிடையாது. பஸ் கண்டக்டரிடம், பிரேக் போட்டால் ஏன் முன்னால் இருக்கும் ஆளும் சாய்கிறார் என்று சிங்களத்தில் கேட்பாள். மருந்துக் கடை முதலாளியிடம், இந்த மாத்திரைக்கு ஏன் மேலே மினுக்கம் என்று கேட்பாள். ஒருமுறை டவுனில் மாணிக்கக்கல் பட்டை தீட்டும் கடை வாசலில் நின்றுவிட்டாள். நான் பஸ் வருகிறது என்று கையைப் பிடித்து இழுத்தேன். "இருடி, அந்தத் தகட்டுல என்னமோ பூசுறாரு, என்னான்னு கேட்டுட்டு வாரேன்" என்றாள். பஸ் போய்விட்டது. ஒரு மணி நேரம் வெயிலில் நின்றோம். நான் திட்டினேன்.

"கேட்டா என்னா புள்ள, வாயா தேஞ்சுபோவும்?" என்றாள். அது அவளுடைய பேச்சு. யார் என்ன சொன்னாலும் அதைத்தான் சொல்வாள்.

சால்வை விஷயம் நடந்தது அந்த வருடத்துக் குளிர்காலத்தில். அவர்கள் காம்பராவில் அடுப்புக்குப் பின்னால் சுவரைக் காக்க ஒரு தகரம் அடித்திருந்தார்கள். அதற்கு மேலே கயிறு கட்டி ஈர உடுப்புகளைக் காயப்போடுவார்கள். ஒருநாள் கயிறு தொய்ந்து, அவளுடைய அம்மாவின் சால்வையும் தம்பியின் விளையாட்டுச் சட்டையும் சூட்டுத் தகரத்தில் சாய்ந்து கிடந்திருக்கின்றன. சட்டை உருகித் தகரத்தோடு பசைபோல ஒட்டிக்கொண்டது. சால்வை உருகவில்லை. தகரத்தில் பட்ட இடம் மஞ்சளாகி, பழுப்பாகி, நடுவில் கறுத்திருந்தது. ஆனால் கறுத்த இடத்திலும் நூல் நூலாகவே இருந்தது, பின்னல் தெரிந்தது.

மறுநாள் அந்தத் துண்டை வெட்டி வகுப்புக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

"சேர், ரெண்டும் பிளாஸ்டிக் நூலுதானே. ஒன்னு உருகிச்சு. இது ஏன் உருகாம கருப்பாச்சு?"

ஆசிரியர் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்ல மனிதர், பொய் சொல்லவில்லை. "எனக்குத் தெரியாதும்மா. இது சிலபஸ்ல இல்ல" என்றார். வகுப்பு சிரித்தது. தீய்ந்த சால்வையைப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு போகும் ஒருத்தியைப் பார்த்து நான் மற்றவர்களைவிட ஒரு பங்கு கூடவே சிரித்தேன்.

இருவருக்கும் பல்கலைக்கழகம் கிடைத்தது. எனக்குப் புள்ளிகள் அதிகம். அவள் எல்லைக்கோட்டில் ஏறி வந்தாள். எங்கள் தோட்டத்திலிருந்து ஒரே வருடத்தில் இரண்டு பெண்கள் என்று கோயிலில் மாலை போட்டார்கள். ஒரே மாதிரி மாலை. அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

மூன்றாம் வருடத்தில் பிளாஸ்டிக் போன்ற பல்பகுதியங்கள் பற்றிப் பாடம் எடுத்த பேராசிரியையை நாங்கள் மெடம் என்போம். சிங்களப் பெண்மணி, கண்டிப்பானவர். ஒருநாள் காபன் நார் பற்றிச் சொல்லத் தொடங்கினார். விமானத்திலும் பந்தயச் சைக்கிளிலும் போடுவது, இரும்பைவிட உறுதி, எடையோ மிகக் குறைவு. அதைச் செய்வது கரியிலிருந்து அல்ல, ஒரு வகைப் பிளாஸ்டிக் நூலிலிருந்து. நாம் குளிருக்குப் போடும் அக்ரிலிக் கம்பளிக்கும் அதுவே மூலப்பொருள் என்றார். அந்த நூலை முதலில் காற்றில் மெதுவாகச் சூடாக்கினால் உருகும் குணத்தை இழந்து கறுத்துவிடும், பிறகு காற்றே இல்லாத இடத்தில் ஆயிரம் பாகை வரை சூடாக்கினால் மற்றதெல்லாம் ஆவியாகிப் போய்க் காபன் மட்டும் மிஞ்சும் என்றார்.

பின்வரிசையில் கை உயர்ந்தது.

"மெடம், அது எங்க வீட்டுல நடந்திருக்கு. அம்மாவோட சால்வையில."

நூற்றுக்கு மேற்பட்டவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். லயம், அடுப்பு, தகரம், உருகிய சட்டை எல்லாவற்றையும் சிங்களத்தில் சொன்னாள். அவளுடைய தோட்டம் என்னுடைய தோட்டமும் என்று எல்லோருக்கும் தெரியும். நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மெடம் சிரிக்கவில்லை. "அந்தத் துண்டு இருக்கிறதா?" என்று கேட்டார். இருந்தது. அடுத்த வாரம் மெடத்தின் அறைக் கதவு அவளுக்குத் திறந்துவிட்டது.

இறுதி வருட ஆய்வுக்கு மெடம் இரண்டு பேரை எடுத்தார். புள்ளிகளில் முதலாவதாக இருந்ததால் நான் முதலில் தேர்ந்தெடுக்கலாம். ஒன்று, கடையில் கிடைக்கும் அக்ரிலிக் நூலிலிருந்து காபன் நார். மற்றது, வீசி எறியும் பொலித்தீன் பையிலிருந்து. பொலித்தீன் சூட்டில் உருகி ஓடிவிடும். அதை நூலாக இழுத்து, சல்பூரிக் அமிலத்தில் வெகுநேரம் ஊறவைத்து, உருகாமல் செய்த பிறகே அடுப்புக்குள் வைக்க முடியும். கடினமானது. பெயர் வாங்கித்தரக்கூடியது. நான் அதை எடுத்தேன். அவளுக்குச் சால்வை நூல் மிஞ்சியது.

எங்கள் இருவருக்கும் ஒரே அடுப்பு. நீளமான பீங்கான் குழாய் ஒன்று அதன் நடுவே போகும். குழாயின் இரு முனைகளுக்கும் உலோக மூடி, மூடிக்குள் ரப்பர் வளையம். ஒரு பக்கத்தால் நைதரசன் உள்ளே போய் மறுபக்கத்தால் வெளியே வர வேண்டும். காற்று ஒரு துளி உள்ளே போனாலும் அந்தச் சூட்டில் காபன் எரிந்து சாம்பலாகிவிடும். அடுப்பையும் சிலிண்டரையும் பார்த்துக்கொண்டவர் சோமபால. ஆய்வுகூட உதவியாளர், ஓய்வுபெறச் சில வருடங்கள் இருந்தன. நாங்கள் மாத்தயா, சிங்களத்தில் ஐயா, என்று கூப்பிடுவோம். அவரை அவள் பிய்த்து எடுத்தாள். சிலிண்டர் ஏன் குளிர்கிறது, மூடியை எத்தனை சுற்று இறுக்குவது, வீட்டில் இன்றைக்கு என்ன கறி என்பது வரை கேட்பாள். அவர் அவளுக்குக் 'கேள்விக்கார துவ' என்று பெயர் வைத்தார். துவ என்றால் மகள். என்னை அவர் 'மிஸ்' என்றுதான் கூப்பிட்டார்.

முதல் மாதங்களில் இருவருக்கும் தோல்விதான். என் பொலித்தீன் கறுத்துப் பொடியாகக் கொட்டியது. அவளுடைய நூல் முதற்கட்டச் சூட்டிலேயே சுருண்டு, தொட்டால் நொறுங்கியது. சில நேரம் திடீரெனப் பற்றிக்கொண்டது. அந்த விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது அவள் எங்கள் குவாட்டர்ஸ் வாசலில் வந்து நின்றாள். என்னைப் பார்க்க வரவில்லை.

"கணக்கப்பிள்ளை ஐயா, ரப்பர் ஷீட்டுக்குப் பொகை போடுறீங்களே, சூட்ட எப்படி ஏத்துவீங்க? ஒரேயடியா ஏத்துனா என்னா ஆவும்?"

அப்பா பேச்சுக் குறைந்தவர். என்னோடு ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அன்று அவளைப் புகை போடும் கட்டடத்துக்கே கூட்டிக்கொண்டு போனார். நானும் பின்னால் போனேன். முதல் நாள் எவ்வளவு விறகு, இரண்டாம் நாள் எவ்வளவு, அவசரப்பட்டால் ஷீட் எப்படிக் கொப்பளிக்கும், கழியில் தொங்கும்போது எந்த இடத்தில் இழுபடும் என்று இரண்டு மணி நேரம் பேசினார். ஷீட்டை வெளிச்சத்துக்குப் பிடித்து உள்ளே இருக்கும் குமிழைக் காட்டினார். சிரித்தார்கூட. அந்தக் கட்டடத்தின் புகை என் சிறுவயதுச் சட்டைகளில் எல்லாம் மணத்திருக்கிறது. அதற்குள்ளே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது.

அவள் போன பிறகு, "எங்கிட்ட நீங்க இதெல்லாம் சொன்னதே இல்லையேப்பா" என்றேன்.

"நீ கேட்டதில்லையேம்மா" என்றார் அப்பா. அவர் குறையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை.

பல்கலைக்கழகத்துக்குத் திரும்பியதும் சூட்டை ஏற்றும் வேகத்தைக் குறைத்தாள். நூலைத் தட்டில் போடாமல் கம்பியில் தொங்கவிட்டு, கீழ் நுனியில் கராஜ் ஒன்றில் கேட்டு வாங்கிய இரும்பு நட்டுகளைக் கட்டினாள். இழுத்துப் பிடித்திருந்ததால் நூல் சுருங்கவில்லை. மஞ்சள், பழுப்பு, கறுப்பு என்று சீராக மாறியது. பிறகு நைதரசன் அடுப்புக்குள் போய், தலைமயிரைவிட மெல்லிய, மினுமினுக்கும் கறுப்பு நாராக வெளியே வந்தது. மெடம் அதைப் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு அவள் தோளில் தட்டினார். அடுத்த மாதம் வெளிநாட்டிலிருந்து வரும் ஆய்வாளர்கள் முன்னிலையில் ஒரு கருத்தரங்கு இருந்தது. துறையின் சார்பில் ஒருவரே பேச முடியும். அது அவள் என்று மெடம் சொன்னது ஒரு செவ்வாய்க்கிழமை காலை.

அதே செவ்வாய்க்கிழமை அடுப்பு என்னுடைய முறை. சோமபால மாத்தயா உறவினர் ஒருவரின் மரண வீட்டுக்கு லீவில் போயிருந்தார். நான் மூடியை என் கோபத்தோடு சேர்த்து இறுக்கினேன். வேலை முடிந்து, அடுப்பு ஆறித் திறந்தபோது, வெளியேறும் பக்கத்து ரப்பர் வளையத்தில் ஒரு வெடிப்பு இருந்தது. நகம் நுழையும் அளவு. என் மாதிரியின் ஓரமும் வெளுத்திருந்தது. புது வளையங்கள் அலமாரியில் ஒரு பெட்டியில் இருந்தன. எடுத்து மாற்ற ஐந்து நிமிடம் போதும். பதிவுக் கொப்பியில் ஒரு வரி எழுத அரை நிமிடம்.

நான் மூடியை அப்படியே மூடினேன்.

மறுநாள் காலை அவள் கருத்தரங்குக்கான நார்க்கட்டைக் குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையிலும் தூக்கி வந்தாள். இரண்டு மாத உழைப்பு. குழாய்க்குள் வைப்பதற்கு முன் வழக்கம்போலக் கேட்டாள்.

"நேத்து அடுப்பு ஒன்னோட முறைதானே?"

"ம்."

"வித்தியாசமா ஏதாச்சும் பார்த்தியா?"

"ஒன்னும் பார்க்கல."

அவள் அடுப்பைப் போட்டாள். பிற்பகலில் திறந்தபோது தட்டில் நார் இல்லை. நார் கிடந்த தடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு இருந்தது. அவள் குனிந்தபோது அவள் மூச்சுப் பட்டு அதுவும் கலைந்தது. பிறகு மெடத்தைக் கூட்டிவரப் போனாள். அவள் படியிறங்கும் சத்தம் கேட்டதும் நான் வெடித்த வளையத்தைக் கழற்றி, புதியதைப் போட்டு, பழையதைக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். மாலையில் கன்டீனுக்குப் பின்னாலுள்ள கழிவுநீர்க் கானில் எறிந்தேன். கை நடுங்கியது என்று எழுதினால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருக்கும். நடுங்கவில்லை.

மெடம் மூடிகளைத் திறந்து பார்த்தார். வளையங்கள் நன்றாக இருந்தன. காற்று எப்படிப் போனது? முந்தைய நாள் நான் ஓட்டியது பழைய சிலிண்டரில், அவள் அன்று திறந்த புதியதை லீவில் போகுமுன் இணைத்து வைத்தவர் சோமபால. அதன் குழாயில் இருந்த காற்றைச் சரியாக வெளியேற்றாமல் இணைத்திருப்பார் என்று மெடம் நினைத்தார். "நீ என்ன நினைக்கிறாய்?" என்று அவளைக் கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு, "நேற்று இவளுக்கு ஒன்றும் ஆகவில்லையாம் மெடம். அப்படியென்றால் சிலிண்டர் பக்கம்தான் இருக்க வேண்டும்" என்றாள்.

லீவு முடிந்து வந்த சோமபால மாத்தயாவை மெடம் அறைக்குள் கூப்பிட்டார். வெளியே வந்தபோது அவர் முகம் கறுத்திருந்தது. அடுத்த கிழமை அவரை ஆய்வுகூடத்திலிருந்து ஸ்டோருக்கு மாற்றினார்கள். தன் தேநீர்க் கோப்பையையும் கண்ணாடிக் கூட்டையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு எங்கள் இருவரையும் கடந்து போனார். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் நிற்கவில்லை.

அவள் மூன்று வாரத்தில் மறுபடி செய்தாள். முன்பு செய்ததைவிட மெல்லிய கட்டு. அதுவும் போதுமாக இருந்தது. கருத்தரங்கில் ஒரு டோர்ச் பல்பையும் பேட்டரியையும் மேசையில் வைத்து, நடுவே சாதாரணக் கம்பளி நூலைப் பிடித்தாள். பல்பு எரியவில்லை. அதே நூலிலிருந்து வந்த கறுப்பு நாரைப் பிடித்தாள். எரிந்தது. "இது எங்கம்மாவுடைய சால்வை மாதிரி நூல்" என்று ஆங்கிலத்தில் தப்புத்தப்பாகச் சொன்னாள். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. நானும் எழுந்தேன், எழாமல் இருந்தால் தெரிந்துவிடும். ஒரு வெளிநாட்டவர் அவளுக்கு மேற்படிப்பு இடம் கொடுத்தார். எனக்கு முதல் வகுப்புச் சித்தி கிடைத்தது. என் பொலித்தீன் கடைசிவரை பொடியாகவே கொட்டியது.

அதன் பிறகு வருடங்கள் போயின. நான் ஊருக்குத் திரும்பி இரசாயனம் படிப்பிக்கிறேன். அவள் வெளிநாட்டில், காபன் நார் செய்யும் ஒரு தொழிற்சாலையின் ஆய்வுப் பிரிவில் வேலை செய்கிறாள். சென்ற வருடம் தங்கையின் கல்யாணத்துக்கு வந்தவள் என் பாடசாலைக்கும் வந்தாள். "ஒன் புள்ளைகளோட பேசணும்டி" என்றாள். மறுக்க முடியவில்லை.

வகுப்பில் நாற்காலியில் உட்காராமல் மேசை ஓரத்தில் சாய்ந்துகொண்டு பேசினாள். முதல் நிமிடத்திலேயே பிள்ளைகளுக்கு அவளைப் பிடித்துவிட்டது. என் வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகள் கை தூக்கினார்கள். அதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி, "மிஸ், ஒங்க சோதனை எப்பயாவது பிழைச்சுப் போயிருக்கா?" என்று கேட்டாள்.

"பிழைக்காம? ரெண்டு மாச வேலை ஒரே நாள்ல சாம்பலாப் போச்சு. எங்க லேப்ல ஒருத்தர் சிலிண்டர கவனமில்லாம மாட்டிட்டாரு. நல்ல மனுசன்தான். ஆனா ஒரு நிமிசக் கவனக்குறைவு. அன்னையிலருந்து சிலிண்டர நான் வேற யாரையும் தொட விடுறதில்ல. என்கூட வேலை செய்றவங்க என்னை சந்தேகக்காரின்னு சொல்றாங்க."

பிள்ளைகள் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள். கவனக்குறைவு என்று. நான் சொன்ன பொய்யை, என் வகுப்பில், என் பிள்ளைகள் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மணி அடித்த பிறகு ஆய்வுகூடத்துக்குள் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னேன். வளையத்தைச் சொன்னேன். கைப்பையைச் சொன்னேன். கானைச் சொன்னேன்.

"எப்ப பார்த்த?"

"மொத நாளே."

"நான் கேக்குறதுக்கு முந்தியேவா?"

"ஆமா."

"ஏன்டி?"

"ஒன்னையே கூப்புடுறாங்கன்னு. எங்கப்பாகூட ஒன்கிட்டத்தான் பேசுனாரு."

அவள் அழுவாள், அல்லது அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் ஜன்னல் பக்கம் போய் நின்றாள். அங்கிருந்தே, "மாத்தயா இப்ப எங்க இருக்காரு?" என்று கேட்டாள்.

ஓய்வுபெற்று எம்பிலிப்பிட்டிய பக்கம் போய்விட்டார் என்று பழைய மாணவர்களிடம் விசாரித்ததில் தெரிந்தது. சனிக்கிழமை பஸ் ஏறினோம். பெல்மதுளையில் இறங்கி மாறி, மலை இறங்க இறங்கச் சூடு ஏறியது. வழியில் அவள் ஒரே ஒருமுறைதான் வாய் திறந்தாள்.

"நீ எங்கிட்டப் பொய் சொன்னத விடு. அத நான் கொண்டுபோய் மெடம்கிட்ட சொன்னேன் பாரு. அதான் எனக்குத் தாங்கல."

வயல் ஓரத்தில் வீடு, முற்றத்தைச் சுற்றி வாழை. சோமபால மாத்தயா வெறும் மேலோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க வெள்ளை. அவளைப் பார்த்ததும் எழுந்து, "அனே, கேள்விக்கார துவ!" என்றார். அடுத்த நொடியே ஏதோ நினைவு வந்தவர்போல முகம் இறுகி உட்கார்ந்துகொண்டார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அவள்தான் சொன்னாள்.

நான் நின்றபடி சிங்களத்தில் சொன்னேன். வரும் வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். வெடித்த வளையத்தை மறைத்தது நான், தவறு அவருடையதல்ல, என்னுடையது, மன்னித்துக்கொள்ள வேண்டும். அவர் கேட்டார். "ஹரி, ஹரி" என்றார். சரி சரி என்று. இரவல் வாங்கிப்போன குடையை யாரோ திருப்பிக் கொண்டுவந்து கொடுத்ததுபோல இருந்தது அந்தக் குரல். பிறகு என்னை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"என் வீட்டில் என்ன கறி என்றுகூட என்னிடம் கேட்ட பிள்ளை நீ. அன்றைக்கு மட்டும் ஏன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை? கேட்டிருந்தால் வளையப் பெட்டியை எண்ணிப் பார்த்திருப்பேன். ஒன்று குறைந்திருக்கும். என்னை ஸ்டோருக்கு அனுப்பியது பெரிய விஷயமில்லை துவ. நீ கேட்கவில்லை. அதைத்தான் இத்தனை வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்."

அவள் அழுததை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். முகத்தை மூடவில்லை. கைகள் மடியில் கிடக்க, கண்ணீர் அதன்பாட்டில் வடிந்தது.

"இவள் சொன்னாள் மாத்தயா" என்றாள். "சின்ன வயதிலிருந்து இவளோடு ஒன்றாக வளர்ந்தேன். மற்ற எல்லோரிடமும் நான் ஒன்றை இரண்டு தடவை கேட்பேன். இவளிடம் மட்டும் ஒரு தடவைதான். இவள் இல்லை என்றால் இல்லைதான். அதற்கு மேல் உங்களிடம் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை."

அவர் எழுந்து வந்து அவள் தலையில் கை வைத்தார். அவருடைய மனைவி தேநீர் கொண்டுவந்தார். எனக்கும் ஒரு கோப்பை தந்தார். நான் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

என் அப்பாவிடம், ஆசிரியரிடம், மெடத்திடம் நான் எதற்காக ஏங்கினேனோ அதை அவள் எனக்கு எப்போதோ கொடுத்துவிட்டிருந்தாள். எனக்குத் தெரியாமலே கொடுத்திருந்தாள். இதை நினைத்து நான் உடைந்துபோயிருக்க வேண்டும். உள்ளதைச் சொன்னால், அந்த முற்றத்தில் நின்றபோது எனக்குத் தோன்றியது வேறு. அத்தனை வருடக் கோபத்தில் ஒரு துளியைக்கூட அவர் என்மேல் செலவழிக்கவில்லை. கெடுத்தவள் நான். கோபம் முழுவதையும் அவளுக்கென்றே வைத்திருந்தார். அதற்கும் எனக்குப் பொறாமையாக இருந்தது.

அவள் திரும்பிப் போய்விட்டாள். மாத்தயாவும் அவளும் கிழமைக்கு ஒருமுறை போனில் பேசிக்கொள்கிறார்கள். என் மாணவர்களிடம் நானே நடந்ததைச் சொல்லி, கொப்பியில் எழுதியதை வெட்டச் சொன்னேன். அவர்கள் வெட்டினார்கள். சிலர் அதற்குப் பிறகு என்னை வேறுவிதமாகப் பார்க்கிறார்கள். அது இருக்கட்டும்.

எனக்கும் அவள் அழைக்கிறாள். குரலில் ஒரு மாற்றமும் இல்லை, பழைய 'புள்ள', பழைய சிரிப்பு. போன ஞாயிற்றுக்கிழமையும் அழைத்தாள்.

"அங்க மழையா?"

"ஆமா, காலையிலருந்தே."

"மழைதானே?" என்று மறுபடி கேட்டாள்.